தொட்டுத் தோற்பவனுக்கு என்ன ரப்பர்?

டேபிள் டென்னிஸ் ஆடுகிற யாரையாவது நிறுத்தி, "நீங்க என்ன ஸ்டைல்?" என்று கேட்டுப் பாருங்கள். "அட்டாக்கிங்" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் அடக்கமானவராக இருந்தால் "ஆல்ரவுண்ட், ஆனா அட்டாக்கிங் பக்கம்" என்பார். "எதிராளி தப்பு பண்ணுற வரைக்கும் நான் பாட்டுக்குத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருப்பேங்க" என்று சொன்ன இளைஞன் ஒருவனையும் மாயவரத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்தில் நான் சந்தித்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தீர்களானால், அங்கே நடப்பது பெரும்பாலும் அதுதான். திருப்பிப் போடுவது, இன்னொரு தடவை திருப்பிப் போடுவது, யாராவது ஒருவர் நெட்டில் விடுவது.

பேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது, "உங்கள் ஆட்டத்துக்கு ஏற்ற ரப்பரைத் தேர்ந்தெடுங்கள்" என்ற அறிவுரை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது தப்பான அறிவுரை இல்லை. ஆனால் "என் ஆட்டம்" என்று ஒருவர் சொல்வது அவர் ஆடுகிற ஆட்டமா, ஆட ஆசைப்படுகிற ஆட்டமா என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் கேட்க மாட்டார். அவருக்கு என்ன வந்தது?

அக்கா மகன் கும்பகோணம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி வாட்ஸப்பில் கேட்டான்: "மாமா, நான் அட்டாக்கர்னு உங்களுக்குத் தெரியும்ல. ஃபோர்ஹேண்டுக்கு டெனர்ஜி போடட்டா, ஹரிக்கேன் போடட்டா?" இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். டெனர்ஜி ஜப்பான் பட்டர்ஃபிளை கம்பெனியின் சரக்கு. 2008இல் வந்தது. அதே வருஷம்தான், பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, ஸ்பீடு க்ளூவுக்குத் தடை வந்தது. அதுவரை பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் நெடி அடிக்கும் அந்தப் பசையைப் பூசி, ரப்பர் தாளுக்கு அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் ஊதிப் புடைத்த பிறகு ஆடுவார்கள். பந்து சீறிக்கொண்டு போகும். பசை போன பிறகு, அந்தத் துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ஸ்பாஞ்சுக்குள் வைத்துத் தருகிற ரப்பர்கள்தான் சந்தையைப் பிடித்தன. சீனாவின் ஹரிக்கேன் 3 வேறு ஜாதி. மேல்தாள் பிசுபிசுப்பு, ஸ்பாஞ்ச் கட்டி. கையை முழுசாக வீசினால் அள்ளிக் கொடுக்கும், அரைமனதாக வீசினால் ஒன்றும் தராது. அவன் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எழுத மனசு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வாடா, பேசிக்கலாம்" என்று போட்டுவிட்டேன்.

மழைக்காலமும் ஒரு எதிராளிதான்

ரப்பரைப் பற்றி இணையத்தில் கிடைக்கிற முக்கால்வாசிப் பேச்சு ஏசி போட்ட ஹாலில் ஆடுகிறவர்களுடையது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துலா முழுக்குக்குக் கூட்டம் காவிரிக்குப் போகிறதோ இல்லையோ, காவிரி நம் வீட்டுச் சுவருக்குள் வந்துவிடும். மன்றத்து டேபிளைத் துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் தடவினால் விரலில் ஈரம் ஒட்டும். ஃபேன் போட முடியாது, பந்து அலையும். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். பக்கத்து அறையில் சீட்டாடுகிறவர்களுக்கு மட்டும் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வை தனி.

அந்த ஈரம் ரப்பரை என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வழவழப்பான மேல்தாள் உள்ள ரப்பர், அது டெனர்ஜியோ, ஹரிக்கேனோ, பழைய ஸ்ரீவரோ, பந்தைப் பற்றிக்கொண்டு சுழற்றுகிறது. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் வந்துவிட்டால் பிடி போச்சு. பந்தை முன்னோக்கிச் சுழலவிடுகிற டாப் ஸ்பின் போடக் கையை மேலே தூக்குவோம், பந்து தாளில் வழுக்கிக்கொண்டு நேரே நெட்டுக்குள் போகும். பிசுபிசுப்பு ரப்பரில் கூடுதலாகத் தூசியும் ஒட்டும். சட்டையில் துடை, வாயால் ஊது, மறுபடி துடை என்று ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு சடங்கு. சித்திரை, வைகாசியில் வேறு தலைவலி. பேட்டை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் விளிம்பில் ரப்பர் உரிந்து நிற்கும்; மேல்தாளும் சீக்கிரம் மினுங்கிப்போய்ச் செத்துவிடும். சுழற்சிக்காக ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு பக்கத்துக்கு ரப்பர் வாங்குகிறவன், வருஷத்தில் எத்தனை மாதம் அந்தச் சுழற்சி தனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாமா?

ஆடுதுறை பக்கம் விவசாயிகள் விதைநெல் எடுப்பது எந்தச் சோறு பிடிக்கும் என்று பார்த்தா? தண்ணீர் எப்போது வரும், வயல் பள்ளமா மேடா என்று பார்த்துத்தான். பள்ளக்கால் வயலில் சம்பாவுக்கு நீண்டகாலப் பயிரான சிஆர் 1009, குறுவைக்கு ஏடிடி 43 என்று போவார்கள். ரப்பருக்கும் அந்தப் புத்திதான் வேண்டும் என்பது என் கட்சி. எந்த ஹாலில், எந்த மாசத்தில், யாரோடு ஆடுகிறோம் என்பது முதல் கேள்வி. எனக்கு எந்த அடி பிடிக்கும் என்பது அதற்கும் பின்னால் வருகிற கேள்வி.

இதில் "யாரோடு" என்பதை யாருமே பேசுவதில்லை. எங்கள் மன்றத்தில் ஒரே டேபிள். கூட்டம் அதிகமானால் எல்லாமே டபுள்ஸ். ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்தான் பெரும்பான்மை. பலரிடம் கடையில் உறைபோட்டு விற்கிற ரெடிமேட் பேட். அதன் ரப்பர் வாங்கிய ஆறாம் மாதமே கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்தப் பேட்டிலிருந்து வருகிற பந்தில் சுழற்சியே இருக்காது. கோச்சிங் போய்ச் சுழல் பந்தை எதிர்கொள்ளப் பழகிய பையன்களுக்கு இந்தச் செத்த பந்துதான் எமன். துள்ளுகிற ரப்பரில் லேசாகப் பட்டாலே டேபிளைத் தாண்டிவிடும். "அங்கிள் என்ன சுத்துனாருன்னே தெரியலை" என்பார்கள். அங்கிள் ஒன்றுமே சுற்றியிருக்க மாட்டார்.

போஸ்ட்மாஸ்டர் சாரும் "ஏமாத்து வேலை"யும்

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். அன்றைக்கு மன்றத்தில் ஆட்டத்துக்கு நின்றவர் போஸ்ட்மாஸ்டர் சார். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர் சார்தான். பேட்டின் ஒரு பக்கம் சாதாரண சிவப்பு ரப்பர். மறுபக்கம் கருப்பில் லாங் பிம்பிள்ஸ். நீளமான, வளைகிற முள் முள்ளாக இருக்கும். அடியில் ஸ்பாஞ்ச் கிடையாது, நேராக மரத்தில் ஒட்டியது. ஒரு காலத்தில் அவரும் வீசி அடித்தவர்தான்; தோள்பட்டை போன பிறகு கையை மேலே கொண்டுபோக முடியாமல் இதற்கு மாறினார். ஆக, அவருடைய ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தோள்.

லாங் பிம்பிள்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பந்து பட்டதும் முள் மடிகிறது. பந்தைப் பிடித்து நிறுத்தித் திருப்பிச் சுற்ற அதற்குத் தெம்பில்லை. அதனால் பந்து வந்த சுழற்சியிலேயே சுற்றிக்கொண்டு திரும்புகிறது. நம் பக்கமிருந்து டாப் ஸ்பின்னாகப் போன பந்து, திசை மாறித் திரும்பும்போது நமக்குப் பேக் ஸ்பின், அதாவது பின்னோக்கிச் சுழல்கிற பந்து. எவ்வளவு முறுக்கி அனுப்புகிறோமோ அவ்வளவு முறுக்காக வரும். அதே மாதிரி நாம் பந்தின் அடியில் வெட்டி மெல்லத் தள்ளினால், அதாவது புஷ் பண்ணினால், திரும்புவது வெறும் பந்தாகவோ லேசான டாப் ஸ்பின்னாகவோ வரும்; அதையும் வெட்டுப்பந்து என்று நினைத்து இன்னொரு புஷ் வைத்தால் எலுமிச்சம்பழம் தூக்கிக் கொடுத்த மாதிரி மேலே எழும்பும். சார் சிவப்புப் பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். தோள் வேண்டாம், மணிக்கட்டு போதும்.

மருமகன் முதல் கேமை 11–5இல் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "மாமா, இதெல்லாம் ஏமாத்து வேலை. இது ஆட்டமே இல்லை."

இந்தப் பேச்சு எங்கள் மன்றத்தில் பிறந்ததில்லை. நம் நாட்டிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. 1952இல் பம்பாயில் உலக சாம்பியன்ஷிப். அதுவரை பெரும்பாலோர் ஸ்பாஞ்ச் இல்லாத முள் ரப்பர் பேட்டில் "டொக் டொக்" என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாடோ கெட்டியான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு இறங்கினார். சத்தமே இல்லை. பட்டதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. பெரிய பெரிய தலைகள் உருண்டன. ஆண்கள் ஒற்றையர் பட்டம் அவருக்கு. அப்போதும் இதே முணுமுணுப்புதான். 1959இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் விதி வகுத்தது: வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, ரப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்றைக்கும் அந்த நாலு மில்லிமீட்டர்தான். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பரை ஒட்டி, டேபிளுக்கு அடியில் பேட்டைத் திருப்பி, பந்து படுகிற சத்தத்தை மறைக்க சர்வீஸ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி மிதித்தெல்லாம் ஆடினார்கள். அதற்காகத்தான் எண்பதுகளில் நிற விதி வந்தது. 1986இலிருந்து ஒன்று கருப்பு, ஒன்று சிவப்பு. 2021இலிருந்து சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலமும் வைத்துக்கொள்ளலாம். கருப்பு மட்டும் கட்டாயம். உராய்வே இல்லாத லாங் பிம்பிள்ஸையும் 2008இல் தடை செய்துவிட்டார்கள். இவ்வளவு சல்லடையில் சலித்த பிறகும் அனுமதிக்கப்பட்ட ஒன்றை ஏமாற்று என்றால் என்ன அர்த்தம்?

நம் பெண்களைப் பாருங்கள். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா ஒற்றையர் தங்கம் வாங்கியது பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்துக்கொண்டுதான். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி, அன்றைய உலக முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவைத் தோற்கடித்தார். அவர் கையில் இருந்தது ஆன்டி ஸ்பின் ரப்பர். பந்தைப் பிடிக்கவே பிடிக்காத ரப்பர். அதை வைத்து அவர் சும்மா தடுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. இந்த ரப்பர்களைத் "தடுப்பாட்டக்காரர்களுக்கு" என்று அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் அடைத்து வைப்பவர்கள் அந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் அவனிடம் அங்கேயே சொன்னேன். தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்ட தலையாட்டல் இல்லை அது.

காலண்டர் தாளின் பின்பக்கம்

அடுத்த கேமிலிருந்து நான் ஸ்கோர் சொல்ல உட்கார்ந்தேன். சுவரில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்துப்போட்ட தேதித் தாள்கள் மேசை மேல் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, மருமகன் விட்ட பாயிண்ட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குறிக்க ஆரம்பித்தேன். சர்வீஸை எடுக்கும்போது விட்டால் "ச". புஷ்ஷில் விட்டால் "பு". அவன் ஓங்கி டாப் ஸ்பின் போட்டு விட்டால் "டா". சார் அடித்து ஜெயித்தால் ஒரு கோடு. திட்டம் போட்டுச் செய்ததில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆட்டம் நீண்டது. மருமகன் நன்றாகவே ஆடினான். அவன் ஃபோர்ஹேண்ட் அழகு. இடுப்பு திரும்பி, கால் ஊன்றி, வெளியே அடைமழை கொட்டினாலும் பந்து வளைந்து இறங்கியது. ஒவ்வொரு தடவையும் பெஞ்சிலிருந்து ஒரு "அடடா" எழும்பியது. ஐந்தாவது கேமில் 11–8இல் தோற்றான்.

முடிந்த பிறகு தாளைப் பார்த்தேன். "டா" அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. கோடுகளும் அதிகமில்லை. பாதிக்கு மேல் "ச". மீதியில் பெரும்பகுதி "பு". அதிலும் கிட்டத்தட்ட எல்லாம் பேக்ஹேண்ட் பக்கம். சார் நெட்டுக்கு அருகில் குட்டையாக வைத்த சர்வீஸ். இவன் பேட்டை நீட்டித் தொட்டதும் பந்து தானாக எகிறி வெளியே போனது. இல்லாவிட்டால் சாரின் கருப்புப் பக்கத்திலிருந்து காலியாக வந்த பந்து. இவன் வெட்டத் தொட்டதும் தூக்கிக் கொடுத்தது. அடிக்க வாய்ப்பு வந்த இடத்தில் பெரும்பாலும் அவன் ஜெயித்திருந்தான். அந்த வாய்ப்பு வருவதற்கு முன்னாலேயே பாயிண்ட் முடிந்துபோயிருந்தது.

போஸ்ட்மாஸ்டர் சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டி, தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். மணியார்டர் பாரம் சரிபார்த்த கை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் நகம் நின்று நின்று போனது. பிறகு மருமகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ அடிச்சுத் தோக்கலை. தொட்டுத் தோத்திருக்க."

அவன் தாளைப் பார்த்தான். "பேக்ஹேண்டுல எந்த ரப்பர்?" என்று கேட்டார். ஃபோர்ஹேண்டில் இருப்பதே பேக்ஹேண்டிலும்; ஜெர்மன் ரப்பர், 2.1 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், கீழே கார்பன் போட்ட பிளேடு, அதாவது பேட்டின் மரப்பலகை. சார் பந்தை எடுத்து அவன் பேட்டின் மேல் அரையடி உயரத்திலிருந்து போட்டார். துள்ளியது. தன் பேட்டின் சிவப்புப் பக்கத்தில் போட்டார். சோம்பலாக எழுந்து அடங்கியது. "நான் மெதுவா வைக்கணும்னா மெதுவாப் போகுது. உன்னோடது உன்னைக் கேக்கவே மாட்டேங்குதே."

இன்னொன்றும் செய்தார். பந்தில் அச்சடித்திருக்கிற முத்திரையைக் காட்டினார். "என் பேட்டையே பாக்குற நீ. கருப்பா, சிவப்பான்னு பாத்தாப் பத்தாது. பந்துல இந்த எழுத்தைப் பாரு." மெதுவாக ஒன்று போட்டார், முத்திரை மிதந்து போவது தெளிவாகத் தெரிந்தது. வெட்டி ஒன்று போட்டார். எழுத்து கரைந்து கறையாக ஓடியது. கொஞ்ச நேரம் இப்படியே போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் "காலி", "முறுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லித் தொட ஆரம்பித்தான். மழைக்காலத்தில் தனக்கும் கஷ்டம்தான் என்று சார் இடையில் சொன்னார். ஈரத்தில் எதிராளியின் முறுக்கு செத்துப்போனால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. "வெறும் பந்து வந்தா நானும் வெறும் ஆளுதான்." லாங் பிம்பிள்ஸ் பற்றி நான் படித்த எந்த அட்டவணையிலும் இது இருந்ததில்லை.

என்ன மாற்றினோம், ஏன்

அந்தத் தாளுக்குப் பிறகு டெனர்ஜியா ஹரிக்கேனா என்ற கேள்விக்கு வேலையே இல்லாமல் போனது. ஜெயிக்கிற பக்கத்துக்கு ஏன் செலவு? ஃபோர்ஹேண்டைத் தொடவில்லை. பேக்ஹேண்டில் மட்டும் ஸ்பாஞ்ச் மெலிந்த, துள்ளல் குறைந்த ரப்பர். யசாகா மார்க் வி, பட்டர்ஃபிளை ஸ்ரீவர் என்று அறுபதுகளில் வந்த வகையறா. இன்றைய பையன்களுக்கு அது அப்பா காலத்துப் பெயர். மார்க் வியில் 1.8 வாங்கினோம்.

மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தடித்த ஸ்பாஞ்சில் ஓங்கி அடிக்கும்போது பந்து உள்ளே புதைந்து, ரப்பர் அதை அணைத்து, சுழற்சியோடு வெளியே தள்ளும். அது நல்லதுதான். ஆனால் மெல்லத் தொடும்போதும் அந்த ஸ்பாஞ்ச் தன் பங்குக்கு உதைக்கும். மெலிந்த ஸ்பாஞ்சில் பந்து சீக்கிரமே மரத்தை உணர்கிறது. கை கொடுத்த வேகம் மட்டும் போகிறது. ஸ்பாஞ்ச் கட்டியா மெத்தென்றா என்பதும் இதோடு சேரும். ஆனால் அந்தக் கட்டிக்குக் கம்பெனிகள் போடுகிற டிகிரிக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். சீனாக்காரன் அளவு வேறு, ஜெர்மன்காரன் அளவு வேறு, ஜப்பான்காரன் அளவு வேறு. ஹரிக்கேனில் 39 என்று போட்டிருப்பதும் டெனர்ஜியில் 36 என்று போட்டிருப்பதும் ஒரே தராசில் நிறுத்தவை இல்லை. ஸ்பீடு, ஸ்பின், கன்ட்ரோல் என்று அட்டையில் போடுகிற எண்களையும் அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்கிறது. நான் அவற்றைப் படிப்பதை விட்டுவிட்டேன்.

ஒட்டுவதே அந்த மாதத்தில் ஒரு வேலை. இப்போது வருவது தண்ணீர் சேர்ந்த பசை. பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் நிறம் போய்க் கண்ணாடியாகும். ஸ்பாஞ்சிலும் மரத்திலும் வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லாமல் போன பிறகுதான் சேர்க்க வேண்டும். கோடையில் சட்டென்று ஆகிவிடும். கார்த்திகையில் அசையவே அசையாது. கடைசியில் சீட்டாட்ட அறைக்குக் கொண்டுபோய் அவர்கள் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் பேட்டையும் இன்னொன்றில் ரப்பரையும் வைத்தோம். ரம்மி ஆடிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, "இதுக்காவது எங்க ஃபேன் வேணும்ல" என்றார். காய்ந்ததும் கீழ்முனையிலிருந்து உருளையால் உருட்டி ஒட்டி, விளிம்பைக் கத்தரியால் ஒரே வீச்சில் வெட்டினோம். அங்கங்கே நிறுத்தி வெட்டினால் பல் பல்லாக நிற்கும்.

முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. "செத்த மாதிரி இருக்கு மாமா" என்றான். பேக்ஹேண்டில் விசுக்கென்று அடித்தால் முன்பு போன வேகம் இல்லைதான். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கியிருக்கிறான். ஆனால் குட்டை சர்வீஸ் குட்டையாகவே திரும்பப் போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நாலாவது பந்தோ ஆறாவது பந்தோ அவனுடைய ஃபோர்ஹேண்டுக்கு வரத்தான் செய்கிறது. அட்டாக்கர் என்று அவன் சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லூரியில் ஏசி ஹால் கட்டுகிறார்கள் என்கிறான். அங்கே ஆட்டம் நிலைத்துவிட்டால் 2.1க்கே திரும்பலாம். நானே வாங்கித் தருவேன்.

கழற்றிய அந்த ஜெர்மன் ரப்பர் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. எங்கள் ஊரில் கழற்றிய ரப்பர் குப்பைக்குப் போவதில்லை. கொஞ்சம் உயிர் இருப்பது அடுத்தவர் பேக்ஹேண்டுக்கு, அதிலிருந்து கழன்றது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. மன்றத்துக்குச் சாயங்காலம் வருகிற எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் பேட்டில் இரண்டு பக்கமும் அப்படி இறங்கி இறங்கி வந்த, பிடிப்பே இல்லாத தாள்கள். அதில் சுழற்ற முடியாது. அதனால் அவள் சுழற்றுவதே இல்லை. பந்து எழும்பும்போதே தட்டையாக, நேராக, சட் சட்டென்று அறைகிறாள். பெரியவர்கள் திணறுகிறார்கள். ஸ்டைல் பார்த்து ரப்பர் என்கிறோம். இவளுக்கோ ரப்பர் பார்த்து ஸ்டைல் வந்திருக்கிறது.

அவள் அப்பா போன வாரம் புது ரப்பர் வாங்கித் தருவதாகச் சொல்லி யோசனை கேட்டார். மருமகன் கழற்றியதை அவளுக்குக் கொடுத்துச் சுழற்றக் கற்றுக்கொடுக்கலாம் என்றேன். இந்த வயதில் கற்காவிட்டால் பிறகு வராது. போஸ்ட்மாஸ்டர் சார் கூடவே கூடாது என்கிறார். இருக்கிற அடியைக் கெடுக்காதீர்கள், ஷார்ட் பிம்பிள்ஸ் ஒட்டுங்கள். குட்டை முள், தட்டையாக அடிக்கிறவர்களுக்கென்றே செய்தது, எதிராளியின் சுழலும் அதிகம் ஏறாது, ஈரத்திலும் கைவிடாது என்பது அவர் வாதம். நான் சொன்ன ஹால் கணக்கையும் மாசக் கணக்கையும் என் மேலேயே திருப்பிப் போடுகிறார். பேசிப் பேசி, ஃபோர்ஹேண்டில் ஷார்ட் பிம்பிள்ஸ், பேக்ஹேண்டில் ஜெர்மன் ரப்பர் என்று ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். அவள் அப்பா ஆர்டர் போட்டுவிட்டார். அவளை யாரும் இன்னும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து திங்கட்கிழமை வருவாள்.